மதுரையில் பிளாட்டர் கடைசல் பிடிக்க முடியுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் பழைய ரெக்கார்ட் பிளேயரை வீட்டிலேயே துடைத்து, எண்ணெய் விட்டு, ஓட வைப்பது பற்றி எழுதியிருந்தேன். அதில் போகிற போக்கில், என் பிளேயரில் சுற்றுகிற தட்டு மதுரை லேத் பட்டறையில் கடைந்தது என்று ஒரு வரி போட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கேட்டவை. அதனால் இந்த முறை எல்லாக் கேள்வியும் அதைப் பற்றியே. பாட்டு பதிந்த கறுப்புத் தட்டை இசைத்தட்டு என்றும், அதைத் தாங்கிச் சுற்றுகிற உலோகத் தட்டைப் பிளாட்டர் என்றும் எழுதுகிறேன். இரண்டையும் தட்டு என்றே சொல்லிக்கொண்டு போனால் பாதியில் குழம்பிவிடும்.

அப்பாவின் பெல்ட் பிளேயர் வீடு மாற்றும்போது கீழே விழுந்து பிளாட்டர் நெளிந்துவிட்டது. தயாரித்த கம்பெனி இப்போது இல்லை. இங்கே லேத்தில் கொடுத்தால் புதிதாகச் செய்து தருவார்களா? என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்?
வாசகர், திருநகர்

தருவார்கள். கே.புதூர் தொழிற்பேட்டைப் பக்கமோ கப்பலூர் பக்கமோ போனால் பம்ப் ஷாஃப்ட், பஸ் டிரம் என்று நாள் முழுக்கக் கடைந்துகொண்டிருக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், 30 சென்டிமீட்டர் வட்டத் தகடு அவர்களுக்குப் பெரிய வேலையே இல்லை. லேத்தில் அந்த அளவுத் தகடு சுற்ற இடம் இருக்கிறதா என்று மட்டும் முதலில் கேளுங்கள். சென்டர் உயரம் (லேத்தின் படுகையிலிருந்து சுற்றும் மையம் வரை) ஆறரை அங்குலம் இருந்தால் 330 மி.மீ. விட்டம் வரை சுற்றும், போதும்.

ஆனால் எந்த இடத்தில் துல்லியம் வேண்டும், எந்த இடத்தில் வேண்டாம் என்பதை நீங்கள்தான் சொல்லியாக வேண்டும். நான் முதல் தடவை சொல்லவில்லை. பேப்பரில் படம் வரைந்து அளவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன், பிளேயரைக் கொண்டுபோகவில்லை. நாலு நாள் கழித்து வாங்கியபோது முகம் பார்க்கலாம் போல மின்னியது, சந்தோஷமாக வீட்டுக்கு வந்து மாட்டிச் சுற்றவிட்டேன். முள்ளைத் தாங்குகிற கை, அதாவது டோன் ஆர்ம், படகு மாதிரி ஏறி இறங்கியது. பேனா ரீஃபில் ஒன்றை விளிம்புக்குப் பக்கத்தில் அசையாமல் நிறுத்தி வைத்துப் பார்த்தால், ரீஃபில் முனைக்கும் பிளாட்டருக்கும் நடுவே இடைவெளி ஒவ்வொரு சுற்றிலும் விரிந்து சுருங்கியது. அப்புறம் டயல் கேஜ் (மிகச் சின்ன அசைவையும் காட்டுகிற அளவுக் கருவி) வைத்து அளந்தபோது 0.4 மி.மீ. சைக்கிள் கடையில் கோட்டம் என்பார்களே, அதேதான்.

காரணம் எளிமையானது. விளிம்பை லேத்தின் பிடியான சக்கில் பிடித்து மேல்முகத்தை முதலில் கடைந்துவிட்டு, கழற்றித் திருப்பி மாட்டி, நடுத்துளையைத் தனியாகப் போட்டிருந்தார்கள். கழற்றி மாட்டினாலே ஒரு சிறு சாய்வு வந்துவிடும். துளையில் அந்தச் சாய்வு கண்ணுக்குத் தெரியாது, 15 சென்டிமீட்டர் தள்ளி விளிம்பில் நன்றாகத் தெரியும். கடைந்தவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இது எதன்மேல் எப்படி உட்காரும் என்று நான் அவரிடம் காட்டவே இல்லையே.

இரண்டாவது தடவை வேறொரு பட்டறை. வயதான டர்னர், தகட்டைப் பார்க்கக்கூட இல்லை, எடுத்த எடுப்பில் கேட்டது இதைத்தான்: "இது எதுமேல உட்காரும் தம்பி? அதைக் கொண்டாங்க மொதல்ல." "வீட்ல இருக்குண்ணே" என்றேன். "அப்ப போய் எடுத்துட்டு வாங்க, அது இல்லாம கைய வைக்க மாட்டேன்" என்றுவிட்டார். பிளாட்டரை அடியில் தாங்குகிற, பெல்ட் சுற்றுகிற சிறு சக்கரமான சப் பிளாட்டரை, அதன் நடு அச்சான ஸ்பிண்டிலோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் செய்த முறையை அப்படியே எழுதுகிறேன், இந்தப் பதிலில் உங்களுக்கு வேண்டியது இதுதான். முதலில் தகட்டின் இரண்டு பக்கமும் மேலோட்டமாகக் கடைந்து, இறுதி அளவைவிட ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு, கழற்றி ஒரு ராத்திரி சும்மா போட்டார். உருட்டிச் செய்த அலுமினியத் தகட்டுக்குள் ஒரு இறுக்கம் இருக்கும், ஒரு பக்கத் தோலை எடுத்ததும் அது தளர்ந்து லேசாக வளையும். வளைகிறதை முதலிலேயே வளைய விட்டுவிட வேண்டும். மறுநாள் அடிப்பக்கத்தை மேலே வைத்து, நடுத்துளையையும், சப் பிளாட்டர் மேல் உட்காரும் பட்டையையும் ஒரே பிடியில், சக்கிலிருந்து கழற்றாமல் முடித்தார். அப்புறம் பிளாட்டரை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, ஒரு இரும்புத் துண்டைச் சக்கில் மாட்டி என் சப் பிளாட்டரின் தலைப்பகுதி மாதிரியே ஒரு நகல் கடைந்தார். மேன்ட்ரல் என்பார்கள். அதைச் சக்கிலிருந்து அசைக்காமல், அதன்மேல் பிளாட்டரைக் கவிழ்த்து உட்கார வைத்து, அடியிலிருந்து போல்ட் போட்டு இறுக்கி, மேல்முகத்தையும் விளிம்பையும் கடைசியாகக் கடைந்தார்.

அதாவது பிளேயரில் எப்படி உட்காருமோ அப்படியே லேத்தில் உட்கார்ந்திருக்கும்போது மேல்முகம் பிறந்தது. அதற்குப் பிறகு கோட்டம் எங்கிருந்து வரும்? வீட்டில் அளந்தேன், விளிம்பில் 0.03 மி.மீ. ஒரு தலைமுடியின் கனத்தில் பாதிகூட இல்லை.

ஆகவே நீங்கள் கையோடு எடுத்துப்போக வேண்டியவை: சப் பிளாட்டரும் ஸ்பிண்டிலும், நெளிந்த பழைய பிளாட்டர் (நெளிந்திருந்தாலும் உயரம் தெரியுமே), பெல்ட், வேண்டாத ஒரு எல்பி (33⅓ வேகத்தில் ஓடுகிற பெரிய இசைத்தட்டு). இசைத்தட்டின் துளை 7.2 மி.மீ.க்கு ஒரு நூலிழை மேல், அதில் நுழைகிற ஸ்பிண்டில் முனை புதிதாகச் செய்வதாக இருந்தால் அந்த எல்பியை வைத்தே பார்த்துக்கொள்ளலாம். எல்பியின் நடுவில் 10 சென்டிமீட்டர் லேபிள் பகுதி சற்றுத் தடிப்பாக இருக்கும், அது உட்கார பிளாட்டரின் நடுவில் 104 மி.மீ. விட்டத்துக்கு ஒரு மில்லிமீட்டர் ஆழத்தில் பள்ளம் எடுக்கச் சொல்லுங்கள். எல்பியின் ஓரத்திலும் ஒரு தடித்த வரம்பு உண்டு. மேட் (பிளாட்டர் மேல் போடுகிற விரிப்பு) இல்லாமல் நேரடியாக வைத்துக் கேட்கப் போகிறீர்கள் என்றால் பிளாட்டரின் விட்டத்தை 295 மி.மீ.யோடு நிறுத்துங்கள், வரம்பு வெளியே தொங்கிக்கொள்ளும்.

எங்கள் ஊரில் கிரானைட்டுக்குக் குறைவில்லை. கிரானைட்டிலேயே பிளாட்டர் செய்தால் நல்ல கனமாக, அசையாமல் இருக்காதா?
வாசகர், மேலூர்

மேலூர்க்காரர் இதைக் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்! உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும், கிரானைட்டும் அலுமினியமும் ஏறக்குறைய ஒரே கனம்தான். ஒரு கன சென்டிமீட்டருக்கு இரண்டும் 2.7 கிராம் பக்கம். கல் என்பதால் கனம் கூடும் என்று தோன்றுகிறது, அவ்வளவுதான்.

கிரானைட்டின் உண்மையான பலம் வேறு. அதைத் தேய்த்துத் தேய்த்து மிகச் சமமாக்கலாம், வெயிலுக்கும் குளிருக்கும் அலுமினியத்தைவிடக் குறைவாகவே விரியும். பெரிய தொழிற்சாலைகளில் அளவு பார்க்கிற மேசைப் பலகையே கிரானைட்தான். ஆனால் பிளாட்டருக்கு நடுவில் அளவு பிசகாத துளை வேண்டும், அதுவும் முகத்துக்குச் செங்குத்தாக. கல்லில் வைரம் பதித்த கருவியால் துளைக்கலாம், நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் சுத்தமாக வராது. உலோக புஷ் (சின்னக் குழல்) ஒன்றை நடுவில் ஒட்டித்தான் சமாளிக்க வேண்டும், ஒட்டும்போது திரும்பவும் அதே சாய்வுப் பிரச்சினை.

உங்கள் கல்லை பிளேயருக்கு அடியில் போடுங்கள். 40 மி.மீ. கனப் பலகை ஒன்று, நான்கு மூலையிலும் ரப்பர் கால். சமையல் மேடை செய்கிற இடத்திலேயே அறுத்து மெருகேற்றித் தருவார்கள். பக்கத்தில் யாராவது நடந்தால் முள் துள்ளுகிற தொல்லை நன்றாகவே குறையும். என் வீட்டில் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பிளாட்டர் கனமாக இருந்தால்தான் பாட்டு நன்றாக இருக்கும் என்கிறார்கள். எத்தனை கிலோ வைக்கலாம்?
வாசகர், மானாமதுரை

உங்கள் ஊர் குயவர்களைக் கேட்டால் இதைவிட நன்றாகச் சொல்வார்கள். சக்கரத்தை ஒருமுறை கோலால் சுற்றிவிட்டால் பானை முடிகிற வரை ஓட வேண்டும், அதற்காகத்தான் அதன் விளிம்பில் கனத்தை வைக்கிறார்கள். பிளாட்டருக்கும் அதே கணக்கு. ஒரே எடையை வட்டம் முழுக்கப் பரப்பி வைப்பதைவிட விளிம்பில் வளையமாக வைத்தால் சுழற்சியைக் காக்கும் சக்தி இரண்டு மடங்கு. மோட்டார் சின்னதாக உதறினாலும் பெல்ட் கொஞ்சம் இழுத்து விட்டாலும் அந்த ஓட்டம் அதை விழுங்கிவிடும்.

ஆனால் எத்தனை கிலோ என்று முதலில் என்னைக் கேட்காதீர்கள், உங்கள் பிளேயரைக் கேளுங்கள். பழைய பிளாட்டர் ஒன்றரைக் கிலோ இருந்த இடத்தில் ஐந்து கிலோ வைத்தால் சின்ன மோட்டார் கிளம்பவே திணறும், பெல்ட் வழுக்கும், கையால் தள்ளிவிட வேண்டிவரும். ஸ்பிரிங் மேல் தொங்குகிற வகைப் பிளேயராக இருந்தால் மொத்தமும் கீழே அமுங்கிவிடும். அடியில் ஒரே ஒரு சின்ன எஃகுக் குண்டின் முனையில்தான் அத்தனை எடையும் நிற்கிறது, அதன் கீழே இருக்கிற தகடு குழி விழுந்தால் கரகரப்பு பாட்டோடு சேர்ந்து கேட்கும். ஸ்பிரிங் இல்லாத கனமான பெட்டி, நல்ல பேரிங் என்றால் நாலரைக் கிலோ தாராளம். இல்லையென்றால் பழைய எடையைப் போல ஒன்றேகால் மடங்கோடு நின்றுவிடுங்கள்.

கனத்துக்காக இரும்புக்குப் போகவே போகாதீர்கள். முள் பொருத்திய கார்ட்ரிட்ஜுக்குள் காந்தம் இருக்கிறது, மூவிங் காயில் என்கிற கார்ட்ரிட்ஜ் வகையில் அது இன்னும் பலமானது, இரும்பு அதைக் கீழே இழுக்கும், முள்ளின் அழுத்தம் நீங்கள் வைத்த அளவைவிடக் கூடிவிடும். 1957-இல் வந்த தோரன்ஸ் டிடி 124-க்கு வார்ப்பிரும்பு பிளாட்டர்தான் கொடுத்தார்கள், இந்தக் காந்தத் தொல்லையால் பின்னால் காந்தம் பிடிக்காத உலோகத்துக்கு மாறினார்கள். கனம் வேண்டுமென்றால் அலுமினிய பிளாட்டரின் விளிம்புக்கு அடியில் பள்ளம் எடுத்து ஒரு பித்தளை வளையம் பதியுங்கள். பித்தளை அலுமினியத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் கனம்.

அக்ரிலிக் பற்றியும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். பார்க்க அழகு, மணி மாதிரி அதிராது. 20 மி.மீ. கனத்தில் செய்தால் 1.7 கிலோவுக்குள் முடிந்துவிடும். ஆனால் அலுமினியத்தைப் போல மூன்று மடங்கு விரியும், சித்திரை வெயிலில் ஜன்னலோரம் வைத்துவிட்டால் வளைந்தாலும் வளையும். மதுரைக்கு நான் அலுமினியம்தான் சொல்வேன்.

என்னிடம் டைரக்ட் டிரைவ் பிளேயர் இருக்கிறது. அதற்கும் புது பிளாட்டர் கடையலாமா?
வாசகர், அண்ணா நகர், மதுரை

வேண்டாம். அந்த வகையில் பெல்ட் கிடையாது, பிளாட்டரே மோட்டாரின் ஒரு பாகம் மாதிரி. டெக்னிக்ஸ் எஸ்எல் 1200-இல் காந்த வளையம் பிளாட்டரின் அடியிலேயே இருக்கிறது. வேகத்தைக் கண்காணிக்கிற மின்சுற்றும் அந்தக் குறிப்பிட்ட எடைக்கு என்று அமைத்தது. ஒரு நல்ல மேட் வாங்கிப் போடுங்கள், அது போதும்.

கணவர் சேர்த்து வைத்த 78 வேக இசைத்தட்டுகள் நிறைய இருக்கின்றன. பிளாட்டர் கடையும்போதே 78-க்கும் ஓடும்படி செய்யலாமா? 33-இல் ஓடுகிற பிளேயர்தான், 50 ஹெர்ட்ஸ் மோட்டார், 250 சுற்று என்று அதன்மேல் எழுதியிருக்கிறது.
வாசகி, செல்லூர்

செய்யலாம் அம்மா, நீங்கள் மோட்டாரில் எழுதியிருந்ததையும் சேர்த்து எழுதியது நல்லதாகப் போயிற்று. இந்த வேலை பிளாட்டரில் இல்லை, மோட்டார் தலையில் இருக்கிற சின்ன பூலியில் இருக்கிறது. அதை மூன்று படியாகக் கடைய வேண்டும்.

கணக்கு இப்படி. நிமிடத்துக்கு 250 சுற்றை 33⅓-ஆல் வகுத்தால் ஏழரை. சப் பிளாட்டரின் விட்டம் 150 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், அதை ஏழரையால் வகுத்தால் பூலி 20 மி.மீ. இதே கணக்கில் 45-க்கு 27 மி.மீ., 78-க்கு 46.8 மி.மீ. நிறையப் பேர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், அங்கேதான் வேகம் பிசகுகிறது. பெல்ட்டுக்கும் கனம் உண்டு. 0.6 மி.மீ. பெல்ட் என்றால் இரண்டு சக்கரத்தின் விட்டத்தோடும் 0.6 சேர்த்துத்தான் வகுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 33⅓-க்குப் பூலி 20 இல்லை, 19.5 மி.மீ.க்கு ஒரு மயிரிழை கீழே. 20-ஆகவே கடைந்துவிட்டால் வேகம் 34.2-க்குப் போய்விடும், இரண்டரை சதவீதத்துக்கு மேல் கூடுதல். அரைக் கட்டை என்பது கிட்டத்தட்ட 6 சதவீதம், ஆக ஏறக்குறைய கால் கட்டை ஸ்ருதி தூக்கிவிடும். 1916-இல் எம்.எஸ். பிறந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு அவர் பாட்டைக் கால் கட்டை தூக்கிக் கேட்க வேண்டுமா? பூலியை ஒரு பத்தில் ஒரு மில்லிமீட்டர் பெரிதாகவே கடையச் சொல்லுங்கள், ஓட்டிப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்ளலாம். குறைத்ததைக் கூட்ட முடியாது.

இன்னொன்று, 78-க்கு முள் வேறு. எல்பி முள்ளைப் போல மூன்று மடங்கு பருமனானது வேண்டும். எல்பி முள்ளை அந்தத் தட்டில் வைத்தால் பள்ளத்தின் அடியில் உரசிக்கொண்டு ஓடும், இரைச்சல்தான் மிஞ்சும். தட்டுகள் அரக்குக் கலந்தவை, கீழே போட்டால் கண்ணாடி மாதிரி உடையும். அவற்றைச் சாராயச் சத்து கலந்த எந்தத் திரவத்தாலும் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும்.

வேகம் பார்க்கிற கோடு போட்ட அட்டையை வைத்தால் கோடுகள் நிற்கவே மாட்டேன் என்கின்றன. பிளாட்டர் கோளாறா?
வாசகர், பழங்காநத்தம்

வீட்டில் எல்லாம் எல்இடி விளக்கா? அதுதான் காரணமாக இருக்கும். அந்த அட்டை விளக்கின் துடிப்பை நம்பி வேலை செய்வது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை மின்னும், அதற்கு 33⅓ வேகத்தில் 180 கோடுகள் நின்று தெரியும். நிறைய எல்இடி பல்புகள் அப்படி மின்னுவதில்லை. பழைய சோக் வைத்த டியூப் லைட் அடியிலோ நியான் விளக்கு அடியிலோ பாருங்கள். அங்கேயும் நிற்காவிட்டால் அட்டையில் கோடுகளை எண்ணுங்கள், 216 இருந்தால் அது 60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கு அச்சடித்தது. இரண்டும் சரியாக இருந்தால் மட்டும் பூலிக்கும் பெல்ட்டுக்கும் வாருங்கள். கோடுகள் ஒரே பக்கமாக ஒரே சீராக நகர்ந்தால் பூலி அளவு, முன்னும் பின்னும் ஆடினால் எங்கோ மையம் விலகியிருக்கிறது.

நாதஸ்வர எல்பி போட்டால் நீண்ட கார்வையில் ஸ்வரம் அலைகிறது. புது பிளாட்டர் போட்டால் சரியாகுமா?
வாசகர், திருப்பரங்குன்றம்

செலவு செய்வதற்கு முன்னால் வேறு இரண்டு மூன்று எல்பி போட்டுப் பாருங்கள். பிளாட்டர் 1.8 நொடிக்கு ஒரு சுற்று, அதே தாளத்தில் அலைகிறது என்றால் ஏதோ ஒன்று மையம் விலகிச் சுற்றுகிறது. பல சமயம் அது இசைத்தட்டேதான், அச்சடிக்கும்போதே துளை நகர்ந்திருக்கும். துளை அரை மில்லிமீட்டர் விலகியிருந்தால் தட்டின் உட்பக்கத்தில் ஸ்ருதி ஒரு சுற்றுக்குள் முக்கால் சதவீதத்துக்கு மேல் ஏறி இறங்கும், சினிமாப் பாட்டில் தப்பித்துக்கொள்ளும், கார்வையில் மாட்டிக்கொள்ளும். டோன் ஆர்மை மேலிருந்து பாருங்கள், ஒவ்வொரு சுற்றிலும் அது இடமும் வலமும் அசைந்தால் தட்டின் துளை. ஒரு பக்கம் சரியாகவும் மறுபக்கம் அலைந்தும் இருந்தாலும் தட்டுதான். எல்லாத் தட்டிலும் ஒரே மாதிரி அலைந்தால் மட்டும் பிளாட்டரையும் பெல்ட்டையும் சந்தேகப்படுங்கள்.

எவ்வளவு செலவாகும்?
வாசகர், திருமங்கலம்

தகடு கிலோ கணக்கு, கடைசல் மணிக் கணக்கு, இரண்டும் இடத்துக்கு இடம் மாறும். எடைக் கணக்கை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். 310 மி.மீ. சதுரம், 30 மி.மீ. கனம் உள்ள அலுமினியத் துண்டு 7.8 கிலோ, அதையே வட்டமாக அறுத்துக் கொடுத்தால் 6.1 கிலோ. கடைந்து முடித்த 295 மி.மீ., 25 மி.மீ. கன பிளாட்டர் 4.6 கிலோதான், மீதி அத்தனையும் சுருளாகத் தரையில் கிடக்கும். வட்டமாக அறுத்து வாங்கினால் தகட்டுக் காசும் மிச்சம், மூலைகளைத் தட்டித் தட்டிக் கடைகிற நேரமும் மிச்சம். 6061 அல்லது 6082 ரகம் என்று கேட்டு வாங்குங்கள், லேத்தில் சுத்தமாக வெட்டும். பழைய இரும்புக்கடையில் கிடைக்கிற பெயர் தெரியாத அலுமினியமும், உருக்கி ஊற்றிய வார்ப்பும் மலிவுதான். வார்ப்பில் உள்ளே காற்றுக்குழி இருந்து, எல்லாம் முடிகிற கடைசி வெட்டில் மேல்முகத்தில் வாய் திறந்தால் மொத்த வேலையும் வீண். பட்டறையில் ஒரு நாள் கூலிக்குக் குறைத்துப் பேசாதீர்கள். ஒற்றை பீஸ் வேலைக்கு மேன்ட்ரல் கடைந்து நிதானமாகச் செய்பவருக்கு அந்த நாளின் மற்ற வேலை போகிறது.

புது பிளாட்டரைத் தட்டினால் கோயில் மணி மாதிரி ரீங்காரம் வருகிறது. கறுப்பு அனோடைஸ் போட்டால் நிற்குமா?
வாசகர், உசிலம்பட்டி

நிற்காது, அனோடைஸ் என்கிற மின்வேதிப் பூச்சு அழகுக்கும் கறை படியாமல் இருக்கவும்தான். ரீங்காரத்தை அடக்க ஆட்டோமொபைல் கடையில் கேஸ்கட்டுக்கு விற்கிற ரப்பர் கார்க் ஷீட் 3 மி.மீ. வாங்கி மேட்டாக வெட்டிப் போடுங்கள். அதோடு விளிம்பைச் சுற்றி ஒரு பள்ளம் எடுத்து ரப்பர் ஓ ரிங் ஒன்றை இழுத்து மாட்டினால் விரல் மடக்கித் தட்டினாலும் பலகையைத் தட்டின மாதிரி 'டொக்' என்று நிற்கும். மேட் கனம் கூடினால் டோன் ஆர்மையும் அதே அளவு உயர்த்த மறக்காதீர்கள்.

அனோடைஸ் போடுவதாக இருந்தால் நடுத்துளையை ரப்பர் அடைப்பு வைத்து மூடிப் போடச் சொல்லுங்கள். 20 மைக்ரான் பூச்சில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை உலோகத்துக்கு வெளியே வளரும், துளையின் இரண்டு பக்கமும் சேர்ந்து 13-லிருந்து 20 மைக்ரான் வரை சுருங்கிவிடும். கச்சிதமாகப் பொருந்திய பிளாட்டர் அப்புறம் ஸ்பிண்டிலில் இறங்காது.

நாற்பது வருடம் லேத் பிடித்தவன், இப்போதும் வீட்டோடு ஒரு ஆறடி லேத் வைத்திருக்கிறேன். இந்த வேலை யாரும் கொண்டுவந்ததில்லை. வந்தால் எதை அளந்து கொடுக்க வேண்டும்?
வாசகர், கே.புதூர்

ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. உங்களுக்குக் கடைசல் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை, கேட்கிற காது எதைக் கண்டுபிடிக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

மேல்முகத்தில் விளிம்புப் பக்கம் டயல் கேஜ் வைத்தால் ஒரு சுற்றில் 0.05 மி.மீ.க்குள், பெல்ட் ஓடுகிற பட்டையில் 0.03-க்குள். இந்த இரண்டும் வந்துவிட்டால் மற்ற அளவெல்லாம் அரை மில்லிமீட்டர் முன்னே பின்னே இருந்தாலும் பாட்டுக்குத் தெரியாது. பேலன்ஸ் பற்றி வாடிக்கையாளர் கவலைப்படுவார், காரின் சக்கரம் மாதிரி நினைத்துக்கொண்டு. நிமிடத்துக்கு 33 சுற்றில் விளிம்பில் 10 கிராம் கூடினாலும் உதறல் என்று சொல்ல ஒன்றுமில்லை. அதற்காக அடியில் துளை போட்டு நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

துளையில்தான் கவனம். கடைந்து முடித்த சூட்டோடு பொருத்திப் பார்த்து சரி என்று விட்டுவிடாதீர்கள். 12 மி.மீ. துளை, 30 டிகிரி சூடு ஏறியிருந்தால் 0.008 மி.மீ. பெரிதாகக் காட்டும், ஆறியதும் பிடித்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் விட்டு வெட்டி, நன்றாக ஆறவிட்டு, துடைத்து, சுத்தமான எண்ணெய் ஒரு சொட்டு தடவி ஸ்பிண்டிலில் வைத்துக் கையை எடுத்துவிடுங்கள். சரியான பொருத்தம் என்றால் பிளாட்டர் பொத்தென்று விழாது, சிக்கிக்கொண்டு நிற்கவும் செய்யாது. உள்ளே மாட்டிய காற்று மெல்ல வெளியேற வெளியேற, லிஃப்ட் இறங்குகிற மாதிரி தானாக இறங்கும், கடைசி ஒரு மில்லிமீட்டர் இறங்க ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளும். என் டர்னர் அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டு பீடியைக்கூடப் பற்ற வைக்காமல் குனிந்தே நின்றார், அடியில் போய் உட்கார்ந்ததும்தான் நிமிர்ந்தார்.

வேலை கொண்டுவருகிறவரிடம் சப் பிளாட்டரோடு பெட்டியையும் மோட்டாரையும் கொண்டுவரச் சொல்லுங்கள். பட்டறையிலேயே மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். உங்கள் பட்டறை முகவரியை ஆசிரியர் குழுவிடம் கொடுத்து வைத்திருக்கிறேன், திருநகர் வாசகர் கேட்டால் நேராக உங்களிடமே அனுப்பிவிடுவார்கள்.